பால் சேர்க்கக் கூடாது

சோஹார் துறைமுகச் சாலை,
அலுமினிய உலைக்குப் பின்னால் ஏழாம் நம்பர் கேம்ப்.
வியாழன்தோறும் என் வேனில்
இருபத்தாறு வெள்ளைக் கேன்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு மனிதனின் முழு நாள் மூத்திரம்.
ஏசி ஓடினாலும்
ஜன்னலைத் திறந்துதான் ஓட்டுவேன்.

விதிகள் சுவரில் ஐந்து மொழியில் ஒட்டியிருந்தன.
தினம் ஆறு தம்ளர் கறுப்புத் தேநீர்.
பால் சேர்க்கக் கூடாது.
ஆறு வாரத்துக்கு வெங்காயம் குறைவு, ஆப்பிள் கிடையாது.
கேனில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்.

தேயிலையின் துவர்ப்புக்கு
பிளேவனாய்டு என்று பெயர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.
உள்ளே போனதும்
ஒரு நொதி அதன்மேல் முத்திரை குத்துகிறது,
விமான நிலையத்தில் எக்ஸிட் அடிப்பது போல.
பிறகு அது கிளம்ப வேண்டியதுதான்.
சில உடம்பில் அந்தக் கவுன்ட்டர் வேகம்.
சில உடம்பில் மதியத் தூக்கம்.
நீண்ட சரத்தில் ஓரிடத்தில்
ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

“ஓர் எழுத்தா சார்?”
கிரேன் ஓட்டும் பிலவேந்திரன் சிரித்தார்.
பாஸ்போர்ட்டில் அவர் ஒரு பி.
அரபியில் அந்த ஒலி கிடையாது என்பதால்
லேபர் கார்டில் இன்னொரு பி.
தமிழில் எழுதினால்
இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.
ஆனால் பேங்குக்குத் தெரிந்தது.
நாலு மாதச் சம்பளம்
அந்த இரண்டு பி-க்கு நடுவில் மாட்டிக்கொண்டது.
“எழுத்து என்ன வேணும்னாலும் செய்யும் சார்,
எங்க குத்தணுமோ குத்துங்க”
என்று சட்டைக்கையை மடித்தார்.

மேல் கட்டிலில் தம்பி சந்தியாகு.
ஒரே வயிறு, ஒரே கஞ்சி,
ஒரே மாதிரி குறட்டை என்று
பக்கத்துக் கட்டில் தில்பகதூர் சாட்சி சொன்னான்.
இருவருக்கும் ரத்த அழுத்தமும் ஒரே மாதிரி:
நூற்றைம்பதை ஒட்டி.

ஆறாவது வாரம்
பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்தேன்.
தம்பிக்கு நூற்று முப்பத்தெட்டு.
அண்ணனுக்கு நூற்றைம்பத்தொன்று.
இன்னொரு முறை அடித்தேன்.
நூற்றைம்பத்துமூன்று.
“நான் எதையும் தப்பாக் குடிக்கலையே சார்”
என்றார்,
பரீட்சையில் பிட் வைக்காமலே மாட்டிக்கொண்டவர் மாதிரி.

டாக்டர் ரய்யா திரையில் கோடுகளைக் காட்டினார்.
சில கீழே இறங்கின, சில மேலே ஏறின,
எல்லாவற்றையும் கூட்டி வகுத்தபோது
தேநீர் ஒன்றுமே செய்யவில்லை என்று வந்தது.
சராசரி என்கிற அந்த ஆளை
ஏழாம் நம்பர் கேம்பில்
எந்தக் கட்டிலிலும் நான் பார்த்ததில்லை.
“அந்த எழுத்தாக இருக்கலாம்,
குடல் கிருமிகளாக இருக்கலாம்,
தூக்கமாகவும் இருக்கலாம்.
இருபத்தாறு பேர் போதாது” என்றார் டாக்டர்.
எத்தனை பேர் போதும் என்று
நான் கேட்கவில்லை.
கேன் சுமப்பவன் நான்தானே.

ஆய்வு முடிந்த மறுநாளே
தேநீருக்கென்று ஃபோர்மன் விட்டிருந்த
கால் மணி நேர நிழலும் ரத்தானது.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
இறங்கிய பன்னிரண்டு புள்ளியில்
எத்தனை தேயிலையுடையது, எத்தனை அந்த நிழலுடையது?
அதே நிழலில்தான் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்
என்பதும் ஞாபகத்துக்கு வந்து
அந்தக் கணக்கை விட்டுவிட்டேன்.

மீந்த கேன்களை எடுக்கப் போனேன்.
சந்தியாகு கறுப்பாகவே குடித்துக்கொண்டிருந்தான்,
முகத்தைச் சுளித்தபடி,
ஏதோ நேர்ச்சை மாதிரி.
பிலவேந்திரன் கேட்டார்:
“இனிமே பால் ஊத்தலாமா சார்?”
ஊற்றலாம் என்றேன்.

டின்பாலை இரண்டு ஓட்டை போட்டுக் கவிழ்த்தார்.
கறுப்பு மெல்லப் பழுப்பானது.
மூன்று கரண்டி சர்க்கரை.
ஃபார்மசியில் கொடுத்த பிரஷர் மாத்திரையை
நாக்கில் வைத்து
அந்தத் தேநீராலேயே விழுங்கினார்.
“இதுதான் சார் டீ” என்றார்.
மேல் கட்டிலிலிருந்து ஒரு கை
காலித் தம்ளரோடு
மெதுவாகக் கீழே நீண்டது.